கண்டியை ஏரியில் தொடங்காதீர்கள்

கண்டிக்கு வருகிற சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையில்தான் விழும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கொஞ்சப் பேர் தலைமன்னாரில் கப்பலேறி அக்கரைக்குப் போய், சுற்றிச் சுற்றிக் கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கே பழைய ஆட்களுக்கு இலங்கை மலைநாடு முழுவதுமே "கண்டிச் சீமை"தான். ஹட்டனில் பிறந்தாலும் கண்டி, பதுளையில் பிறந்தாலும் கண்டி. எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான், ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தன்னைக் கண்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டவர், ஆனால் கண்டி டவுனை ஒரு தடவை கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சின்னப் பையனாக ஹட்டனில் ஏறின ரயில் பேராதனைச் சந்தியோடு திரும்பி அப்படியே போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை நாள் சுற்றினேன். அதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை பலரையும் கூட்டிப் போயிருக்கிறேன், ஆனால் எந்த வரிசையில் போனால் இந்த ஊர் புரியும் என்று எனக்கே பிடிபட்டது அன்றைக்குத்தான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கமாக எல்லோரும் ஏரிக்கரையில் இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்து, புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகைக்குள் போய் வந்து, பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் கண்டி என்பது நடுவில் ஒரு அழகான ஏரி உள்ள ஊர், அவ்வளவுதான். ஆனால் பழைய கண்டியில் கடைசியாக வந்து சேர்ந்ததே அந்த ஏரிதான். ஊர் 14ஆம் நூற்றாண்டில் உருவானது, ஏரி 1807க்குப் பிறகு வெட்டியது. அதனால் முதலில் மலை, அப்புறம் ஆறு, அதற்கப்புறம்தான் ஏரி.

சரி, வந்து சேருவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தப்பு அங்கேயே நடக்கிறது. சிங்களத்தில் கண்டிக்கு "மஹநுவர" என்று பெயர், பேச்சில் வெறும் "நுவர". நுவர என்றால் நகரம். "கண்டி" என்ற பெயர், மலைமேல் உள்ள நாடு என்ற பொருளில் "கந்த உட ரட்ட" என்று சிங்களத்தில் சொன்னதைப் போர்த்துக்கேயர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கியதிலிருந்து வந்தது. பஸ் கண்டக்டர் "நுவர, நுவர" என்று கத்தினால் அது கண்டி பஸ். "நுவர எலிய" என்று கத்தினால் அது நுவரெலியா. திருச்சியிலிருந்து வந்த மச்சான் ஒருவன் முதல் பாதியைக் கேட்டுவிட்டு ஓடிப்போய் ஏறி, இரவு எட்டு மணிக்கு, அரைக்கைச் சட்டையோடு, 1,800 மீட்டருக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்று எனக்குப் போன் பண்ணினான். பஸ்ஸின் நெற்றியில் மூன்று மொழியிலும் பெயர் இருக்கும், கண்டக்டர் சொல்வதைக் கேட்பதைவிட அதைப் படியுங்கள்.

முடிந்தால் கொழும்பிலிருந்து ரயிலில் வாருங்கள். சாலையில் 115 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள். ரம்புக்கனை வரை சமதரை, வயலும் தென்னையும். ரம்புக்கனை தாண்டியதும் எஞ்சின் முக்க ஆரம்பிக்கும், தண்டவாளம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும், வலது பக்கம் தரை திடீரென்று காணாமல் போய்ப் பள்ளத்தாக்கு திறக்கும். நடுவில் பலனை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், பெயர்ப் பலகையை யாரும் பார்ப்பதில்லை. கண்டி இராச்சியத்தின் வாசல் இதுதான். கீழேயிருந்து படை வருகிறதா என்று பார்க்கக் கண்டியர்கள் காவல் வைத்த கணவாய் இது, பெயரின் வேரும் "பார்" என்கிற சிங்களச் சொல்தான். போர்த்துக்கேயர் இந்தக் கணவாய்க்காகப் பல தடவை மோதினார்கள். நீங்கள் ஜன்னலோரம் வடை தின்றுகொண்டு கடக்கிற அந்த ஏற்றத்தை, கவசமும் துப்பாக்கியும் சுமந்துகொண்டு, காட்டுக்குள்ளிருந்து அம்பு வரும் என்ற பயத்தோடு, அட்டைக்கடியோடு நடந்து ஏறியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இந்த ரயில் பாதை 1867இல் கண்டியைத் தொட்டது. ஒரு விஷயம் கவனம்: பதுளைப் பாதை பேராதனைச் சந்தியிலேயே பிரிந்துவிடுகிறது. கொழும்பு–பதுளை ரயில்களில் சில கண்டிக்குள் வந்து திரும்பிப் போகும், சில வராமலே போகும். டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். கண்டிக்குள் வராத ரயிலென்றால் பேராதனைச் சந்தியில் இறங்கி பஸ் பிடித்துவிடலாம், ஒன்றும் பெரிய தூரமில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் மலையகப் பாதையே மூடப்படும், அதையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே ஏறுங்கள்

பையை அறையில் போட்டதும் நேரே ராஜபிஹில்ல மாவத்தைக்கு ஒரு த்ரீவீல் பிடியுங்கள். "ஆர்தர்ஸ் சீட்" என்று சொன்னால் எல்லா டிரைவருக்கும் தெரியும். கால் நல்லாயிருந்தால் ஏரிக்கரையிலிருந்து இருபது நிமிஷம் ஏறி நடக்கலாம், ஆனால் சாலை செங்குத்து, நடைபாதை பெயருக்குத்தான். காலை ஏழு மணிக்கு முன் போனால் பள்ளம் நிறைய பனி கிடக்கும், எட்டரைக்கு மேல் போனால் தெளிவாகத் தெரியும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பனி போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஊர் புரியாது.

அங்கே நின்று வடக்குப் பார்த்தால் கீழே ஏரி, அதன் அக்கரையில் மாளிகையின் கூரைகள், மாளிகைக்குப் பின்னால் அடர்த்தியாக ஒரு காடு. அது உடவத்தக்கெலே, அரசர் காலத்தில் அரண்மனைக்குரிய காடு, சுமார் 100 ஹெக்டேர், இன்றைக்கும் நகரத்தின் நடுவில் வெட்டப்படாமல் நிற்கிறது. இடது பக்கம் டவுன், அதற்கு மேலே பஹிரவகந்தையில் பெரிய வெள்ளைப் புத்தர். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஹந்தானை மலைத்தொடர். வலது பக்கம் அம்பிட்டியப் பக்கத்து மேடுகள். அதாவது நாலு பக்கமும் மலை, நடுவில் ஒரு குழி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று படித்துவிட்டு வருகிறவர்கள் உச்சியில் உள்ள ஊரென்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இது மலைமேல் இருக்கிற பள்ளம். சித்தப்பா பார்த்துவிட்டு, "என்னப்பா, உள்ளங்கையைக் குவிச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இந்த உள்ளங்கைதான் கண்டியின் நல்லதுக்கும் கெட்டதுக்கும் காரணம். எதிரி உள்ளே வர முடியாமல் தடுத்தது இதுவே, இப்போது பஸ் புகை வெளியே போக முடியாமல் தேங்குவதும் இதனால்தான். மாலை ஐந்து மணிக்குக் கீழே பஸ் நிலையத்தில் நின்றால் கண் எரியும். கடற்காற்று வந்து போகிற கொழும்பைவிட இங்கே காற்று மோசம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் அறையை டவுனில் எடுக்காமல் மேட்டில் எடுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அங்கிருந்து தெரியாத ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியமானது. இந்த மலைகளுக்குப் பின்னால், உங்கள் இடது பக்கம் தொடங்கி வடக்கே போய் வலது பக்கம் வரை, மகாவலி கங்கை ஊரைச் சுற்றி வளைத்து ஓடுகிறது. இலங்கையிலேயே நீளமான ஆறு, 335 கிலோமீட்டர். பேராதனை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, லேவெல்ல, தென்னகும்புர என்று மூன்று பக்கத்தை ஆறு அடைத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கிற தெற்கை ஹந்தானை அடைத்துக்கொள்கிறது. பூட்டும் சாவியும் மாதிரி. போனில் வரைபடத்தைத் திறந்து, விரலால் ஆற்றைப் பின்தொடர்ந்து பாருங்கள், கண்டியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு நிமிஷம் போதும்.

அப்புறம் ஆறு

ஆற்றைக் காலால் பார்க்க இரண்டு இடம். ஒன்று பேராதனைத் தாவரவியல் பூங்கா. 147 ஏக்கர், 1821இல் பிரிட்டிஷார் தொடங்கியது, அதற்கு முன் அரசர்களின் தோட்டம். அரை நாள் ஒதுக்குங்கள், ஆனால் எல்லோரும் போல ராஜபனை வரிசையோடும் பெரிய ஆலமரத்தோடும் நின்றுவிடாமல் பூங்காவின் கடைசி ஓரம் வரை நடந்து ஆற்றங்கரையைத் தொடுங்கள். தொட்டபடி ஓரமாகவே நடந்தால் ஆறு உங்களோடு திரும்பிக்கொண்டே வரும், இடது பக்கம் ஆறு, இன்னும் இடது பக்கம் ஆறு, மறுபடியும் ஆறு. பூங்காவையும் மகாவலி மூன்று பக்கம் வளைத்துக்கொண்டுதான் போகிறது. கண்டிக்குச் செய்ததையே சின்ன அளவில் இங்கேயும் செய்து வைத்திருக்கிறது. இந்தப் பூங்காவில்தான் 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை வைத்திருந்தார், அந்தக் கதைக்கு இப்போது நேரமில்லை.

இரண்டாவது, கட்டுகஸ்தோட்டைப் பாலமோ அதற்குக் கிழக்கே வட்டபுளுவப் பக்கமோ. சுற்றுலாக்காரர்கள் யாரும் போகமாட்டார்கள், பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு மட்டும்தான். 1803இல் பிரிட்டிஷார் கண்டியைப் பிடித்தார்கள், அதாவது பிடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். வந்து பார்த்தால் ஊர் காலி. கண்டியர்களின் பழைய உத்தி அதுதான்: தலைநகரை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவது, வந்தவனைக் காய்ச்சலும் பசியும் மழையும் பார்த்துக்கொள்ளும். 1594இல் போர்த்துக்கேயப் படை தந்துரையில் அழிந்தது, 1638இல் மறுபடியும் கன்னொருவையில் அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்கள்) ஊருக்குள் வந்து எரித்தார்கள், தங்க முடியவில்லை. 1803இல் மேஜர் டேவியின் காவற்படையும் நோயில் விழுந்து, ஜூன் மாதம் சரணடைந்து, திரும்பிப் போக விடைபெற்றுக்கொண்டு மகாவலிக் கரைக்கு வந்தது. வந்தால் ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, கடக்க வழியில்லை. கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள், அங்கேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஜூனில் அந்தப் பக்கம் போய் ஆற்றின் நிறத்தைப் பாருங்கள், செம்மண் கரைந்து பால் டீ மாதிரி ஓடும்.

பிறகு எப்படி விழுந்தது என்று கேட்பீர்கள். 1815இல் சண்டையால் விழவில்லை, உள்ளே இருந்த பிரதானிகள் அரசனைக் கைவிட்டதால் விழுந்தது. அதற்கு ஏரிக்கரைக்கு வர வேண்டும்.

இப்போது ஏரி

ஏரியை ஒரு சுற்று நடங்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், நின்று பார்த்து நடந்தால் ஒரு மணி நேரம். ஆறரை மணிக்குத் தொடங்கினால் நல்லது, ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் இதே சாலையில்தான் வரும், அப்புறம் தென்கரையில் நடப்பது புகைக்குள் நடப்பதுதான். மாளிகைப் பக்கம் தொடங்கி, ஏரியை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே போய், மல்வத்தை விகாரை இருக்கிற தென்கரை வழியாகத் திரும்புங்கள்.

இந்த இடம் முழுவதும் வயலாக இருந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் மேற்குப் பக்கம் அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினான், வேலை 1812 வாக்கில் முடிந்தது. நீங்கள் டவுனுக்குள் வந்தபோது கடந்த அந்த மேற்குக் கரைதான் அணை, சாலை போட்டு கட்டடம் வந்துவிட்டதால் அணையென்றே தெரியாது. சிங்களத்தில் இதற்குக் "கிரி முஹுத" என்றும் பெயர், பாற்கடல். கரையோரம் ஒரு வெள்ளைச் சுவர் அலை அலையாக ஓடும், "வலாகுளு பம்ம", மேகச் சுவர். அதில் முக்கோண மாடங்கள் இருக்கின்றன, ராத்திரி விளக்கு வைக்க. நடந்துகொண்டே வாருங்கள், ஏரியைச் சுற்றிப் பாதி தூரம் கூடப் போவதற்குள் சுவர் நின்றுவிடும். இடிந்து விழுந்ததில்லை, கட்டி முடிக்கவே இல்லை. முடிப்பதற்குள் அரசன் போய்விட்டான்.

எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் அந்தச் சுவர் முடிகிற இடம்தான். போர்டு ஒன்றும் கிடையாது.

கட்டியது யார் கை? ராஜகாரிய என்று பெயர், நிலத்துக்குப் பதிலாக அரசனுக்குச் செய்ய வேண்டிய ஊழியம். அதில் ஊர் ஊராக ஆட்களை இழுத்து வந்தார்கள். எதிர்த்த ஊர்த் தலைவர்களை ஏரி அடியிலேயே கழுவேற்றினான் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். அது கதையோ உண்மையோ, விளைச்சல் நிலத்தைக் குளமாக்கியதும் ஆட்களை வதைத்ததும் மக்களிடம் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பேரையும் கெடுத்தது. அழகுக்காக ஒருவன் செய்த வேலை அவனையே கவிழ்க்க உதவியது என்றால் நடக்கும்போது கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கும்.

நடுவில் ஒரு தீவு தெரியும். அரசன் காலத்தில் அந்தப்புர மகளிர் போய் இருந்த இடம் என்பார்கள், பிரிட்டிஷார் அதை வெடிமருந்துக் கிடங்காக்கிச் சுற்றிக் கோட்டை மாதிரிச் சுவர் கட்டினார்கள். சித்தப்பா அதைப் பார்த்ததும், "இது நம்ம மதுரை தெப்பக்குளம்ப்பா" என்றார். நடுவில் மைய மண்டபம், சுற்றித் தண்ணீர், சுற்றிலும் சுவர். அப்படி ஒரு யோசனையோடுதான் கட்டினான் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அரசன் வழியே மதுரை. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் உறவில் பெண் எடுக்கிற வழக்கம் வைத்திருந்தார்கள், 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது அரசியின் தம்பி பட்டத்துக்கு வந்தார், அதிலிருந்து நாலு பேர் நாயக்கர் அரசர்கள். நாலாவது ஆள்தான் இவன், பட்டத்துக்கு முன் பெயர் கண்ணுசாமி.

தண்ணீரோரம் கவனித்துப் பாருங்கள், நீர்க்காகங்கள் மரத்தில் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கீழே படியில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு முதலை மாதிரித் தலையை மட்டும் தூக்கி நீந்தும். பயப்பட வேண்டாம், உங்களைவிட அதற்கு அவசரம். மீனுக்குப் பொரி விற்பார்கள், வாங்கிப் போட்டால் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன் கூட்டம் எழும்பும், பிள்ளைகளோடு வந்தால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். குரங்குகளுக்கு மட்டும் எதையும் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போகிறது? மேற்கு முனையிலிருந்து டவுனுக்கு அடியில் புகுந்து, பிறகு "மெத எல" என்ற கால்வாயாகப் பேராதனைச் சாலையோரம் போய் மகாவலியில் சேர்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் சாக்கடை. ஆனால் அரசன் தேக்கிய பாற்கடலின் மிச்சம் அதுதான்.

மாளிகையும் அதைச் சுற்றியும்

தலதா மாளிகையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். முழங்காலும் தோளும் மூடுகிற உடை, வெளிர் நிறமென்றால் நல்லது. செருப்பு வெளியே. இலங்கையருக்குக் கட்டணம் இல்லை, வெளிநாட்டவருக்குச் சீட்டு, சார்க் நாட்டுக்காரர்களுக்குக் குறைவு, அதனால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவராதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுக்காதீர்கள், இது இங்கே சின்ன விஷயமில்லை. பூஜை காலை 5:30, 9:30, மாலை 6:30 வாக்கில். மாலை பூஜைக்கு வெளிநாட்டுக் கூட்டம் முழுவதும் வந்துவிடும், காலை 5:30க்குப் போனால் ஊர்க்காரர்கள் மட்டும். கீழே ஹேவிசி மேளம் அடிப்பார்கள், மேல் மாடியில் அந்த அறைக் கதவைத் திறக்கும்போது வரிசை நகரும், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. தெரிவது தங்கப் பேழை, பல் இல்லை. புனிதப் பல்லை எப்போதாவதுதான் வெளியே வைப்பார்கள், 2025 ஏப்ரலில் பதினாறு வருஷத்துக்குப் பிறகு வைத்தார்கள், அந்தப் பத்து நாளும் ஊருக்குள் நகர இடமில்லை.

ஏரியைப் பார்த்து நிற்கிற எண்கோணக் கட்டடம் பத்திரிப்புவ, 1802 வாக்கில் வந்தது, அரசன் அங்கே நின்றுதான் மக்களுக்குக் காட்சி கொடுப்பான், இப்போது உள்ளே ஏட்டுச்சுவடிகள். பக்கத்தில் செதுக்கிய மரத்தூண்களோடு திறந்த மண்டபம், மகுல் மடுவ. 1815 மார்ச் 2இல் பிரதானிகள் கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அங்கேதான். தூண்களைத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும், தொடாதீர்கள்.

மாளிகை வாசலுக்கு முன்னால் வண்டி போகாத ஒரு துண்டுச் சாலை இருக்கிறது. 1998 ஜனவரி 25இல் புலிகளின் குண்டு லாரி வெடித்தது அங்கே. அதன் பிறகு அந்தச் சாலையை மூடினார்கள், சோதனை வாசல் வந்தது. டவுன் நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது ஞாபகம் வரும், ஆனால் பையைத் திறந்து பார்த்த காவலர் சித்தப்பாவிடம், "எங்க ஐயா, இந்தியாவா?" என்று தமிழிலேயே கேட்டார்.

மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். எதிரே நாத தேவாலயம் (இங்கே தேவாலயம் என்றால் தெய்வத்தின் கோயில்), 14ஆம் நூற்றாண்டு, ஊரிலேயே பழைய கட்டடம். கல்லில் கட்டிய சின்ன விமானத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கோயில் என்றுதான் தோன்றும். பக்கத்தில் பத்தினி தேவாலயம், பத்தினி என்பது கண்ணகி. கொஞ்சம் மேலே விஷ்ணு தேவாலயம், டவுனுக்குள் கடைகளுக்கு நடுவே கதிர்காம தேவாலயம், அது முருகன். எசல பெரஹெரா என்கிற ஊர்வலத் திருவிழாவில் மாளிகை ஊர்வலத்துக்குப் பின்னால் இந்த நாலு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரும். ஜூலை–ஆகஸ்டில் பத்து நாள், முதல் ஐந்து நாள் கும்பல் பெரஹெரா, பிந்தைய ஐந்து நாள் ரந்தோலி. கூட்டத்துக்குப் பயந்தவர்கள் கும்பல் பெரஹெரா நாட்களில் வாருங்கள், யானையும் ஆட்டமும் குறைவுதான், ஆனால் நடைபாதையில் உட்கார இடம் கிடைக்கும். கடைசி ராத்திரிக்குப் பிறகு விடியற்காலையில் கெட்டம்பேயில் மகாவலிக்குள் இறங்கி வாளால் நீரை வெட்டிக் குடத்தில் நிரப்புகிற சடங்கு. ஏரி எவ்வளவுதான் மாளிகை வாசலில் கிடந்தாலும், சடங்குக்கு ஆற்றுக்குத்தான் போகிறார்கள்.

மிச்சச் சில்லறை

மழை அக்டோபர்–நவம்பரில் அதிகம், ஜனவரி முதல் மார்ச் வரை குறைவு. வருஷம் முழுவதும் சின்னக் குடை ஒன்று பையில் இருக்கட்டும். உடவத்தக்கெலேக்குள் மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும், காலில் சோப்பைத் தடவிக்கொண்டு போங்கள், கடித்தால் பிய்க்காமல் உப்பு வையுங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, மாளிகை நிரம்பி வழியும், சாராயக்கடை மூடியிருக்கும், அன்றைக்குப் பேராதனையை வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பயமில்லை, டவுனில் தமிழ், முஸ்லிம் கடைகள் நிறைய, தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஒரு பிளேன் டீயும் இஞ்சித் துண்டும் கேட்டு வாங்கிக் குடியுங்கள். தோட்டத்துத் தேயிலை எப்படித் தூளாகிறது என்று பார்க்க ஹந்தானை மேலே பழைய தொழிற்சாலை ஒன்றைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வணிகத்துக்காகத் தேயிலை போட்ட லூல்கந்துரையும் இந்த மாவட்டம்தான். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனபோது சித்தப்பா இயந்திரங்களை ஒன்றொன்றாகத் தொட்டு, வேலை செய்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினார், அருங்காட்சியகப் பெண்ணுக்கு அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியாக ஒரு இடம், அது கண்டியில் இல்லை. 1815 பிப்ரவரியில் மெதமஹநுவரப் பக்கம் பிடிபட்ட அரசனைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அடுத்த வருஷம் கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். அவன் சிம்மாசனத்தைப் பிரிட்டன் 1934இல்தான் திருப்பிக் கொடுத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் இன்றைக்கும் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் உண்டு, பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவன் சமாதி. சித்தப்பா வைத்தியத்துக்காக நாலு தடவை வேலூர் போயிருக்கிறாராம், ஒரு தடவை கூடத் தெரியாது. ஊருக்குத் திரும்பின ஆறாவது மாதம் ஒரு போட்டோ அனுப்பினார், மண்டபத்து வாசலில் தனியாக நிற்கிறார், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கீழே ஒரு வரி: "ஆறு வத்திப் போய்க் கிடக்குப்பா."